வசந்தம் வந்தாச்சு... பாடப் போவது யார்?

பங்குனி பாதி கழிந்துவிட்டால் எங்கள் ஜவ்வாது மலையில் யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு நெருப்புப் பிடித்தாற்போல் பூத்து நின்ற புரச மரம் அப்போதுதான் ஓய்ந்திருக்கும். அடுத்த முறை புங்க மரத்துக்கு. பளபளவென்று தளிர் விட்டு நிழல் விரிக்கும். வேப்பம்பூ வாசலெல்லாம் பொரி இறைத்ததுபோல் கிடக்கும். மாமரத்தில் பிஞ்சு, பலாவின் அடிமரத்திலேயே காய். வீட்டுக்கு வீடு திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணுக்கு இத்தனை அடையாளம் என்றால், காதுக்கும் ஒன்று உண்டு. மைக் செட்! ஏதாவது ஓர் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள். மலைக்கு மலை எதிரொலித்துக்கொண்டு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு வரும். சினிமாவில் துள்ளல் பாட்டுக்குப் பேர் போனவர், சினிமாவுக்காக இல்லாமல் தனியாகப் பாடிய பக்திப் பாட்டுகள் அவை. அவர் குரல் கேட்காத அம்மன் கோயில் தமிழ்நாட்டில் உண்டா, சொல்லுங்கள்!

நான் போளூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ஜமுனாமரத்தூர் அருகே குடித்தனம் வந்தவள். மலையேறி 24 வருஷமாகிறது. எங்களைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். உடனே கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவதெல்லாம் தமிழ்தான். சாமை விதைப்பதும், தேன் எடுப்பதும், புளியும் பலாவும் சந்தைக்குக் கொண்டு போவதுமாக அவர்கள் வருஷம் ஓடும். அந்த வருஷத்தில் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கிற காலம் இந்த வசந்தம்தான்.

இந்தக் காலத்துக்கு ஏற்ற பாட்டு எது? யார் அதைப் பாடுகிறார்கள்? இதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன். பாட்டில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது, கேளுங்கள்.

ஊருக்கு ஊர் வசந்தம்

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வசந்த ருது. தமிழில் அழகாக இளவேனில் என்பார்கள். கீழே போளூரிலும் வேலூரிலும் அப்போதே வெயில் மண்டையைப் பிளக்கும். "இதுவா இளவேனில்?" என்று அவர்கள் சிரிப்பது நியாயம்தான். ஆனால் மலையில் ராத்திரிக்கு இன்னும் ஒரு போர்வை வேண்டியிருக்கும்.

இந்தப் பருவம் வந்தால் உலகமே பாடும் போலிருக்கிறது. ஜப்பானில் செர்ரி பூக்கும்போது அந்தப் பூவின் பேரிலேயே வருஷா வருஷம் புதுப்புதுப் பாட்டு வருகிறது. அஸ்ஸாமில் நமக்குச் சித்திரை பிறக்கிற அதே சமயம் ரொங்காலி பிஹு. ஆணும் பெண்ணும் கொட்டு முழக்கி ஆடிப் பாடுவார்கள். கேரளத்தில் கொன்றைப் பூ வைத்து விஷுக் கனி. இலங்கையில் சிங்களவர், தமிழர் இரு தரப்புக்கும் அன்றுதான் புத்தாண்டு. அங்கே சிங்களப் பெண்கள் ரபான் என்கிற பெரிய வட்டப் பறையைச் சுற்றி உட்கார்ந்து கையால் தட்டி வாசிப்பார்கள். பாட்டிமுதல் பேத்திவரை ஒரே பறையில் கை வைப்பது எவ்வளவு அழகு!

வடக்கே ஹோலிக்கு என்றே சினிமாவில் தனிப் பாட்டுகள் இருக்கின்றன. 1981-ல் வந்த 'சில்சிலா' இந்திப் படத்தில் அமிதாப் பச்சனே தன் குரலில் பாடிய ஹோலிப் பாட்டு, இன்றைக்கும் அங்கே அந்தப் பண்டிகையின் தேசிய கீதம் மாதிரி. அதை எழுதியவர் அவருடைய அப்பா, கவிஞர் ஹரிவம்ச ராய் பச்சன்.

சரி, நம் பக்கத்தில்?

அக்னி வசந்தம்

எங்கள் திருவண்ணாமலை, வேலூர் ஜில்லாக்களில் வசந்தம் என்ற பேரிலேயே ஒரு திருவிழா இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழா! பங்குனி, சித்திரை தொடங்கி ஊருக்கு ஊர் முறை வைத்து நடக்கும். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. இப்படிப் பல நாள் பாரதம் முழுவதையும் ஊர் கேட்டு முடிக்கும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்கவைத்து, பீமன் தொடையில் அடிக்க, பாஞ்சாலி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

பீமனைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஜமுனாமரத்தூர் பக்கத்தில் இருக்கும் அருவிக்கும் பீமன் அருவி என்றுதான் பெயர். சுற்றுலா வருகிற சகோதரிகள் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கூத்துக்கு உலகப் புகழ் வாங்கித் தந்த ஊர் ஒன்று எங்கள் ஜில்லாவிலேயே, செய்யாறு பக்கம் இருக்கிறது. புரிசை. அந்த ஊர்க் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையைப் பற்றி நாடகக்காரர்கள் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள். செய்யாறு என்கிற ஆறே எங்கள் ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை!

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அக்னி வசந்தம் முழுக்க ஒரு பெண்ணின் கதை. அவள் அவமானம், அவள் சபதம், அவள் கூந்தல். அதை ராத்திரி முழுக்கப் பாடுகிறவர்களோ வழக்கமாக ஆண்கள். பாஞ்சாலி வேஷம் கட்டுவதும் ஆண்தான். நாமெல்லாம் பாயை விரித்துக்கொண்டு, மடியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு, கேட்பவர்கள். குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கலைஞர்கள் பாடினால் கல்லும் கரையும். இருந்தாலும் மனசில் ஒரு கேள்வி எழாமலா போகும்?

மன்மதனும் மாதவியும்

வசந்தம் என்றால் மன்மதனை விட முடியுமா? திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் சித்திரை மாதம் வசந்த உற்சவம் நடந்து, முடிவில் மன்மத தகனம். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகைக்கு லாவணிப் பாட்டுப் போட்டி வைப்பார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி! விடிய விடியப் பாட்டிலேயே வாதம் நடக்கும். இங்கேயிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் காமன் கூத்தை இலங்கை மலையகத்துக்கும் கொண்டு போனார்கள். ஊரை விட்டாலும் பாட்டை விடவில்லை.

அதற்கும் முன்னால் சிலப்பதிகாரத்துக்குப் போங்கள். புகாரில் சித்திரைப் பௌர்ணமிக்கு இந்திர விழா. விழா முடிந்து கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழோடு உட்கார்ந்தார்கள். அவன் ஒரு பாட்டுப் பாடினான். வேறு யாரையோ நினைத்துப் பாடுகிறான் என்று அவள் எண்ணினாள். அவளும் பதிலுக்கு ஒரு பாட்டுப் பாடினாள். அவனுக்கும் அதே சந்தேகம். எழுந்து போய்விட்டான்! பிறகு இளவேனில் வந்ததும் மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி அனுப்பினாள். அவன் வாங்கவே மறுத்தான். கதை மதுரைவரை போய் எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும்.

ஒரு வசந்தகாலப் பாட்டு ஒரு குடும்பத்தையே புரட்டிப் போட்டுவிட்டது பாருங்கள். பாட்டில் என்ன பெரிய விஷயம் என்று இனிமேலும் கேட்பீர்களா?

சினிமா தந்த வசந்தம்

என் அம்மா காலத்தில் வசந்தம் ரேடியோ வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் பக்கமெல்லாம் கேட்கும். பி.எச். அப்துல் ஹமீதின் தமிழைக் கேட்டுக்கொண்டே அம்மா அரிசி புடைப்பாள். பாட்டுப் புஸ்தகம் இல்லாமலே அத்தனை பாட்டும் அவளுக்கு மனப்பாடம்.

வசந்தத்தைப் பாடிய சினிமாப் பாட்டுகளைப் பட்டியல் போட்டால் ஒரு நோட்டு போதாது. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் மன்மதனின் லீலையைப் பற்றி எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடியதைக் கேட்டிருப்பீர்கள். எழுதியவர் பாபநாசம் சிவன். சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது! 1958-ல் 'சாரங்கதாரா'வில் ஜி. ராமநாதன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் வசந்த முல்லையைப் பாடினார். ராகம் இரண்டுக்கும் சாருகேசிதான்.

1971-ல் 'மூன்று தெய்வங்கள்'. கண்ணதாசன் பாட்டு, மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் இசை. மணவறையில் காத்திருக்கும் சீதையைப் பி. சுசீலா பாடும்போது எந்த வயசுப் பெண்ணுக்கும் தன் கல்யாணம் கண்ணில் வந்து போகும். 1976-ல் 'மூன்று முடிச்சு'. ஓர் அடி முடிகிற சொல்லிலேயே அடுத்த அடி தொடங்கும்படி, அந்தாதியாகக் கண்ணதாசன் எழுதிய வசந்தப் பாட்டு. படகில் இனிமையாகத் தொடங்கி, ஒருவன் தண்ணீரில் விழ, கூட வந்தவன் காப்பாற்றாமல் பாட்டைத் தொடர்வதில் முடியும். இப்போது பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு இளையராஜா வந்தார். 1978-ல் மட்டும் இரண்டு முத்துகள்: 'தியாகம்' படத்தில் எஸ். ஜானகி பாடிய வசந்தகாலப் பாட்டு, 'காற்றினிலே வரும் கீதம்' படத்தில் சித்திரை மாதத்து வானத்தை ஜெயச்சந்திரன் பாடியது. 1981-ல் 'ராஜ பார்வை'யில் மழைப் பாட்டு ஒன்றை வசந்தா ராகத்தில் போட்டுக் காட்டினார். மழைக்கு வசந்தத்தைக் குடை பிடிக்கவைத்தாற்போல!

இத்தனையும் எனக்கு உயிர். இதில் ஒன்றை முணுமுணுத்தாலே அடுப்படி வேலை பாதி குறைந்த மாதிரி இருக்கும். ஆனாலும் ஒருநாள் புளி உடைத்துக்கொண்டிருந்தபோது யோசித்துப் பார்த்தேன். இந்தப் பாட்டுகளில் வருகிற வசந்தம் யாருடையது? பெரும்பாலும் காதலியினுடையது, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணினுடையது, அல்லது அவளைத் தேடி வருகிறவனுடையது. இரண்டு பிள்ளை பெற்று, விரல் நுனியெல்லாம் புளியேறிப் போய், சந்தைக்காரன் கிலோவுக்கு எவ்வளவு கொடுப்பானோ என்று கணக்குப் போடுகிற பெண்ணுக்கு அதில் இடமில்லை. அவளுக்கும் வேப்பம்பூ வாசனை வராதா என்ன?

அவள் பாடுவதற்கென்று இருந்ததுதான் கும்மி.

பெட்டி பாடினால் வாய் மூடுகிறது

எங்கள் தெருவில் எண்பது வயசைத் தாண்டிய மலையாளி ஆயா ஒருவர் இருக்கிறார். களை எடுக்க ஒரு பாட்டு, சாமை குத்த ஒரு பாட்டு, தேன் எடுக்கப் போனவன் திரும்பாததற்கு ஒரு பாட்டு, திருவிழாவில் அம்மனைச் சுற்றிக் கும்மி கொட்டப் பல பாட்டு என்று மனசுக்குள் வைத்திருக்கிறார். அவர் மகளுக்கு அதில் பாதி தெரியும். பேத்திக்கு ஒன்றும் தெரியாது. பேத்தி கெட்டிக்காரிதான். செல்போனில் இருக்கும் ஆயிரம் பாட்டு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கோயில் வாசலில் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி வைத்துப் பாட்டுப் போட்டால் எந்த ஆயாவின் குரல் எடுபடும்? பத்துப் பதினைந்து வருஷமாகக் கும்மிக்கு நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

இதில் ஆரோக்கியத்துக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. கைக்குழந்தைக்காரிகள் காது கொடுத்துக் கேளுங்கள்.

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60. பெரியவர்களுக்கே 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100-ஐத் தொட்டால் கால் மணி நேரம்தான்! திருவிழாப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த 100 ஒன்றும் அதிசயமில்லை. காதுக்குள் இருக்கும் மெல்லிய மயிர்போன்ற அணுக்கள் ஒரு தரம் அழிந்தால் திரும்ப முளைக்காது.

சட்டமும் சும்மா இல்லை. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு விலக்குத் தரலாம். அதுவும் ராத்திரி 12 மணிவரைதான், வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1980-ல் அமெரிக்காவில் டீகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். குழந்தை வாயில் ரப்பரைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரலும், வேறு விதமாகச் சப்பினால் வேறு பெண்ணின் குரலும் கேட்கும்படி செய்தார்கள். பிஞ்சுகள் என்ன செய்தன தெரியுமா? தாயின் குரல் வரும்படி சப்பக் கற்றுக்கொண்டன! வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் அல்லவா? அந்தக் குரலை மூடிவிட்டுப் பெட்டியைப் பாடவிடலாமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த அரை மணி நேரம்

2025 சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் தெருப் பெண்கள் கூடிப் பேசினோம். கோயிலுக்கு அடுத்த வீட்டில் நான்கு மாதக் குழந்தை. போன திருவிழாவில் பெட்டி அதிர்ந்தபோது பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் தூக்கிப்போட்டு விழித்துக்கொண்டதை அதன் தாய் பார்த்திருந்தாள். எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் காலேஜில் செமஸ்டர் பரீட்சை. ஆனால் திருவிழாவை எதிர்த்தார்கள் என்ற பேர் வாங்க யாருக்கும் இஷ்டமில்லை. எனக்கும்தான். நாலு வீடு தள்ளிக் கடை வைத்திருக்கிறோம். ஊரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

கடைசியில் ஆயாவை முன்னே விட்டு விழாக் குழுவிடம் போனோம். வாலிபப் பிள்ளைகள் மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"பொட்டிய நிறுத்தச் சொல்லல தம்பி. வீட்டப் பார்த்து வெச்சிருக்கீங்களே, அத்த அந்தாண்ட மலையப் பார்த்துத் திருப்புங்க. சாயங்காலம் ஒரு அர மணி நேரம் எங்களுக்கு வுடுங்க. அதுக்கு வாடக வேணாம்" என்றார் ஆயா.

சிரித்துவிட்டார்கள். ஒரு பையன், "மைக்கு குடுக்கட்டுமா ஆயா?" என்று கேட்டான்.

"மைக்கு எதுக்குடா? அம்மா கிட்டத்துலதான இருக்குறா!"

அதற்கு மேல் யாரால் பேச முடியும்? சரி என்றார்கள். ராத்திரி 10 மணிக்கு நிறுத்துவதற்கும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் நாள் கும்மிக்கு வந்தவர்கள் ஏழே பேர். ஆயா எடுத்துப் பாடினார். பின்பாட்டுப் பாட வேண்டிய எங்களுக்கு அடி தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தோம். வெட்கம் வேறு. ஓரமாக நின்ற பேத்திக்குப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு சினிமா மெட்டை மெல்ல முனகினாள், கைத்தட்டு அதற்குச் சரியாக விழுந்தது. ஆயா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அந்த மெட்டிலேயே சொந்தமாகக் கட்டிப் பாடினார்:

"புளி ஒடச்ச கைக்காரி, பூவெடுத்து வாடி&nbsp;-
கிலோவுக்குக் கொறச்சவன கேள்வி கேக்கப் போடி!"

அவ்வளவுதான்! எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ, வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. எல்லாரும் பிடித்துக்கொண்டோம். அடுத்த அடியை அந்தக் குழந்தைக்காரி கட்டினாள், அதற்கடுத்தது பரீட்சைக்காரி. கணக்குப் பரீட்சையையே அம்மனிடம் ஒப்படைத்துவிட்டாள் அவள்! மூன்றாம் நாள் இருபது பேருக்கு மேல் வட்டத்தில் நின்றோம். சினிமா மெட்டில் தொடங்கி, கைகால் ஓட்டம் வந்தபிறகு ஆயா பழைய கும்மிக்கு மாறுவார். அப்படியே நாங்களும் பின்னால் போனோம். ரெண்டு பாட்டு முழுசாகக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். கடைசி நாள் பேண்டு செட் சீக்கிரமே வந்துவிட, எங்கள் அரை மணி நேரம் பத்து நிமிஷத்தோடு போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம். ஆயா மட்டும், "வர்ற வருசம் ஒரு மணி நேரமா கேப்போம்" என்றார்.

அவர் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன். இதுவரை 14 பாட்டு. மெட்டு மறக்காமல் இருக்கப் பேத்தி செல்போனில் பதிந்து வைக்கிறாள். சில பாட்டில் நடுவே ஓர் அடி வராது. ஆயா கண்ணை மூடிக்கொண்டு தேடுவார். "நாளைக்கு வரும்" என்பார். சில வரும், சில வருவதில்லை. எண்பது வயசுக்கு மேல் நாளை என்பது எத்தனை என்று நினைக்கும்போது எனக்கு அடுப்பு வேலை ஓடாது.

நீங்களும் செய்யலாம்

சகோதரிகளே, உங்கள் ஊர் மலையோ சமவெளியோ பட்டணத்து ஃபிளாட்டோ, இந்தச் சித்திரைக்குச் சிலவற்றைச் செய்து பாருங்கள்.

* வருஷப் பிறப்பன்று மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ போடும்போதே, வீட்டில் மூத்தவர்களை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாடியது யார், எந்த ஊர்ப் பாட்டு, எந்த வேலைக்குப் பாடுவது என்பதையும் குறித்து வையுங்கள்.

* கும்மி தெரியாதே என்று கவலை வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த சினிமா மெட்டில் உங்கள் வீட்டுச் சங்கதியை வைத்து இரண்டு அடி கட்டுங்கள். நாத்தனாரைக் கிண்டல் செய்யலாம், சிலிண்டர் விலையைத் திட்டலாம். மெட்டு இரவலானாலும் பேச்சு நம்முடையது.

* திருவிழாவுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிப் போனால் பெட்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். சத்தத்துக்கு மருந்து தூரம்தான். திறந்த வெளியில் தூரத்தை இரண்டு பங்காக்கினால் சுமார் ஆறு டெசிபல் குறையும். குழந்தை காதில் பஞ்சைத் திணிக்காதீர்கள். சத்தத்தை அது அதிகம் தடுக்காது, உள்ளே சிக்கிக்கொண்டால் வேறு வம்பு.

* பக்கத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் குழந்தைக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை, சத்தத்துக்கு அசையவில்லை என்று சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

* விழாக் குழுவிடம் சண்டை போடாதீர்கள், ஒன்றைக் கேளுங்கள். பெட்டியைத் திருப்பிவைப்பது, 10 மணிக்கு நிறுத்துவது, பெண்களுக்கு அரை மணி நேரம். தனியாகப் போகாமல் கூட்டமாகப் போங்கள். முன்னால் ஒரு ஆயா நிற்கட்டும்!

* ராத்திரி குழந்தையைத் தூங்கவைக்கச் செல்போனில் தாலாட்டுப் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நீங்களே பாடுங்கள். சுருதி சேரவில்லையா? பரவாயில்லை. சுசீலாவும் ஜானகியும் பாடினால் ஊரே கேட்கும். ஆனால் உங்கள் குழந்தைக்கு உங்கள் குரலுக்கு மேல் ஒரு பாடகி கிடையாது.

சினிமாப் பாட்டு நமக்கு எதிரி இல்லை. எத்தனையோ மத்தியானங்களில் நமக்குத் துணையாக இருந்தது அதுதானே? ஆனால் வசந்தம் முழுவதையும் அதனிடமே குத்தகைக்கு விட்டுவிடக் கூடாது. விசையைத் தட்டினால் பெட்டி எந்தக் காலத்திலும் பாடும். ஆயா பாடும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு. இந்தச் சித்திரையில் உங்கள் தெருவில் முதல் அடியை நீங்கள் எடுங்கள். பின்பாட்டுக்கு நாலு பேர் தானாக வருவார்கள், பாருங்களேன்!